திண்டிவனத்துப் பொழுதுக்குச் சாப்பிட்டவள்

பத்மப்ரியாவை நான் நேரில் பார்த்ததே இல்லை. நான்கு மாதம், தினமும் சாயங்காலம் சில நிமிடம், போன் திரையில் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்து உடம்பைப் படிப்பது என் தொழிலாக இருந்ததால் அந்தச் சில நிமிடமே போதுமானதாக இருந்தது.

விழுப்புரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்துநான்கு வருடம் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன். இடுப்பெலும்பு முறிந்தவர்கள், ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள், இப்படி. மார்ச் மாதக் கடைசியில் அர்ஹந்த் என்று ஒருவர் சென்னையிலிருந்து பேசினார். அப்பா மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை வயலில், வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் முடிந்து பிளேட் வைத்தாகிவிட்டது, வீட்டில் வயதான அத்தை மட்டும்தான், வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"இன்னொரு விஷயம் சிஸ்டர். எங்க வீட்ல பொழுது போனப்புறம் யாரும் சாப்பிட மாட்டோம். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"நோயாளி நேரத்துக்குச் சாப்பிட்டா எனக்குப் போதும்" என்றேன்.

அவர்கள் நயினார்கள், தமிழ் ஜெயின்கள். ஜெயின் என்றால் பலருக்கு அடகுக்கடைச் சேட்டுதான் ஞாபகம் வரும். இவர்கள் அப்படியில்லை. திண்டிவனம், செஞ்சிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக உழுது பிழைக்கிற தமிழ்க் குடும்பங்கள். என்னைப் போலவே கருப்பு, என்னைப் போலவே 'இன்னாம்மா' என்று பேசுகிறவர்கள். கறி மீன் கிடையாது, தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள், இருட்டினால் வாயில் பருக்கை படாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

திண்டிவனத்தில் இறங்கி செஞ்சி பஸ் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். வீட்டு வாசலிலேயே நோயாளியின் அக்கா தர்மதேவி விசாரணையை ஆரம்பித்துவிட்டார். எழுபத்திரண்டு வயது, கண்ணில் மட்டும் இருபது.

"எந்த ஊரும்மா நீ?"

"விழுப்புரம்."

"விழுப்புரத்துல எந்தப் பக்கம்?"

"ஆஸ்பத்திரிப் பக்கம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்கம்மா வயித்துல."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நான் நோயாளியைப் பார்க்கப் போனேன்.

சந்திரப்பிரபுவுக்கு அறுபத்தாறு வயது. மனைவி போய்ப் பதினோரு வருடம். மகன் சென்னையில், மகள் ஸ்காட்லாந்தில். அபர்டீன் என்கிற ஊரில் மண்ணைப் பற்றி மேல்படிப்பு. "மண்ணுல கீற புழுவ எண்றதுக்கு அம்மாந்தூரம் போவணுமா, நம்ம கொல்லையிலயே எண்ணலாமே" என்று தர்மதேவி சொல்வார். புழுவை மிதிக்காமல் நடக்க வேண்டும் என்று வளர்த்த வீட்டுப் பெண் புழுவைப் படிக்கப் போனதில் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

சந்திரப்பிரபுவின் கட்டில் மேற்குப் பார்த்த ஜன்னலோரம் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே கொல்லை, அதற்கு அந்தப் பக்கம் பனைமரங்கள், இடது கோடியில் ஊர்த் தண்ணீர் டேங்க். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் தட்டோடு உட்கார்ந்தார். போனைச் சொம்பில் சாய்த்து நிறுத்தச் சொன்னார். மணி அடித்தது. திரையில் ஒரு பெண், மடியில் டப்பா.

"அப்பா, எங்க இருக்குது?"

"ஒத்தப் பனை மட்டையில இருக்குது. நீ சாப்பிடு."

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பேச்சு அதிகமில்லை. அவள் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் "இப்ப?" என்பாள். அவர் "கழுத்துக்கு வந்துடுச்சி", "பாதி போயிடுச்சி" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். கடைசியில் "எறங்கிடுச்சி" என்றார். அவள் டப்பாவை மூடினாள். இங்கே தர்மதேவி சோற்றுக் குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு விளக்கேற்றினார்.

இது என்ன விளையாட்டு என்று கேட்டேன். விளையாட்டு இல்லை, வேலை என்றார் தர்மதேவி. பத்மப்ரியாவுக்கு ஆறு வயதிலிருந்து அந்த வீட்டில் அவள் வேலை அதுதான். சாயங்காலமானால் மாடியில் ஏறி நிற்பாள். பொழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று மேலேயிருந்து கத்துவாள். கொல்லையில் இருக்கிறவர்கள் அதைக் கேட்டுக் கைகால் கழுவி வருவார்கள். "பொழுது எறங்குது, ஜல்தி சாப்பிடுங்க" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருக்காரர்களும் அடுப்பை அணைப்பார்களாம். விழுப்புரத்தில் காலேஜ் படித்த மூன்று வருடமும் சாயங்கால ரயிலில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டு, மேற்குப் பார்த்து உட்கார்ந்து, பொழுது இறங்குவதற்குள் டப்பாவைக் காலி செய்வாளாம். அபர்டீன் போன பிறகு சொல்கிற வேலை அப்பாவுக்கு வந்துவிட்டது, கேட்கிற வேலை மகளுக்கு.

வருடத்தில் பொழுது எந்த மாதம் எங்கே இறங்கும் என்று அவளுக்கு மனப்பாடம். "சித்திரை முடியப்போவுது, ரெட்டைப் பனைப் பக்கம் நகர்ந்திருக்குமேப்பா" என்பாள். நகர்ந்திருக்கும்.

நான் என் வேலையைப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, காலுக்குப் பயிற்சி, குளியல், மலச்சிக்கலுக்குக் கீரை. ஏப்ரல் கடைசியில் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். சாயங்கால போனுக்காக அன்றைய பயிற்சியை முடிக்காமல் விடமாட்டார். மகளிடம் "இன்னிக்கி ஆறு அடி" என்று சொல்ல வேண்டும் அவருக்கு.

இதற்கிடையில் திரையில் எனக்கு இரண்டு மூன்று விஷயம் பிடிக்கவில்லை. அவள் நாய் துரத்துகிற மாதிரி சாப்பிட்டாள். மணிக்கட்டில் இருந்த வாட்ச் கையைத் தூக்கும்போது முழங்கை வரை சரிந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, உதடு வெளுத்திருந்தது தெரிந்தது. டப்பாவை மூடும்போது அதில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது.

"உங்க பொண்ணு சரியா சாப்பிடறதில்லையா?" என்று கேட்டேன்.

"அங்க இப்போ மத்தியானம் சிஸ்டர். நம்ம கூட உட்காரணும்னு இப்போ கொஞ்சம் சாப்பிடும். அதுக்கப்புறம் ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் வெயில் அடிக்கிற ஊரு. வெளிச்சம் இருக்கும்போதே இன்னொரு வேள வயிறார சாப்பிட்டுக்கும்" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நான் விட்டுவிட்டேன்.

மே மாதம் நடுவில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு என் சொந்த போன் அடித்தது. பத்மப்ரியா. அவள் ஊரில் அது காலை ஆறரை.

"சிஸ்டர், அப்பா பக்கத்துல இருக்காரா?"

"படுத்துக்கினு இருக்காரு. நான் கொல்லப்பக்கம் நிக்கிறேன். இன்னா சொல்லு."

"முந்தாநாள் மயங்கி விழுந்துட்டேன். பிளட் டெஸ்ட் எடுத்தாங்க. ஹீமோகுளோபின் எட்டு புள்ளி நாலுன்னு வந்திருக்கு. அது ரொம்பக் கம்மியா?"

படிப்புக்கு நடுவில் அவள் முதியோர் இல்லம் ஒன்றில் மத்தியானம் மூன்று மணிக்கு ஷிப்ட் தொடங்கி இரவு பத்து வரை வேலை பார்ப்பது எனக்குத் தெரியும். அங்கேதான், ஒரு பாட்டிக்கு சூப் எடுத்துப் போகும்போது, தட்டோடு சாய்ந்திருக்கிறாள்.

"நேத்து காலைலேருந்து இன்னா சாப்பிட்ட, வரிசையா சொல்லு" என்றேன்.

காலை ஏழு மணிக்கு இரண்டு பிரெட், ஒரு வாழைப்பழம். அதன் பிறகு லேப். லேபில் மண்ணைச் சுழற்றுகிற மிஷின் ஒன்றே முக்கால் வரை ஓடும். கையுறையைக் கழற்றி, கை கழுவி, ஜன்னலோர பெஞ்சில் வந்து உட்காரும்போது ஒன்று ஐம்பது. திண்டிவனத்தில் பொழுது இறங்குவது அவளுக்கு ஒன்று ஐம்பத்தேழு. நடுவில் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் உள்ளே போனதுதான் சாப்பாடு. அப்பா இறங்கிவிட்டது என்று சொன்னால் டப்பாவை மூடுகிறாள். மறுபடி திறப்பது மறுநாள் காலை ஏழு மணிக்கு.

"உன் ஊர்ல ஒம்பது வரைக்கும் வெயிலுன்னு உங்கப்பா சொல்றாரே?"

"ஆமா."

"அப்ப ஏன் சாப்பிடல?"

"நம்ம ஊர்ல எறங்கிடுச்சில்ல சிஸ்டர்."

பதினேழு மணி நேரம், அதில் ஏழு மணி நேரம் கிழவர்களைத் தூக்கி உட்காரவைக்கிற வேலை. செப்டம்பரிலிருந்து இப்படி. குளிர்காலத்தில் இன்னும் மோசமாம், அப்போது நம் ஊர்ப் பொழுது அவளுக்குப் பன்னிரண்டே காலுக்கே இறங்கிவிடுமாம். யார் சொன்னது இப்படி இருக்கச் சொல்லி என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. அவளாகவே ஆரம்பித்தது. அப்பாவுக்குத் தெரியாது.

"இல்லத்துல சூப்பர்வைசரம்மா நல்லவங்க. பக்கத்துல உக்காந்து, 'நோன்பா? உங்க மாசம் முடிஞ்சிடுச்சே'ன்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டிட்டேன்."

"ஏன், நீ துலுக்கப் பொண்ணுன்னா சொன்ன?"

"வெளக்கறதுக்குத் தெம்பு இல்ல சிஸ்டர்."

அதன் பிறகு அவளாகவே சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. காலையில் வார்டு ரவுண்டில் நோயாளி வாயைத் திறந்துவிட்டால் நாம் மூடிக்கொள்ள வேண்டும்.

அங்கே போனதும் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். அதில் இனம் என்று ஒரு கட்டம், இந்தியர் என்று டிக் அடித்தாள். மதம் என்று இன்னொரு கட்டம், பட்டியலில் அவள் மதம் இல்லை, 'மற்றவை'யில் அடித்தாள். தமிழ்ச் சங்கம் ஒன்று இருக்கிறது என்று பொங்கலுக்குப் போனாள். நன்றாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். பேச்சுவாக்கில் ஜெயின் என்று சொன்னதும் ஒரு அம்மா, "அப்படியா, தமிழ் நல்லா பேசறீங்களே!" என்றாராம். அந்த அம்மாவின் கணவர், "சேட்டுப் பொண்ணா, இவ்வளவு கருப்பா?" என்று கேட்டுவிட்டு, தமாஷ் என்று தோளைத் தட்டினாராம். சரி, நம் மதத்துக்காரர்களைப் பார்ப்போம் என்று ஏப்ரலில் மூன்று மணி நேரம் ரயிலில் கிளாஸ்கோ போய் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நின்றாள். வாசலில் நின்ற பெண்மணி இவளைப் பார்த்ததும் அன்பாகவே சமையற்கட்டுக்கு வழி காட்டினார். சமையல் ஆட்களோடு வந்தவள் என்று நினைத்துவிட்டார். இல்லை என்றதும் அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. பிறகு பக்கத்தில் உட்காரவைத்து, மிகவும் மரியாதையாக, "உங்கள் குடும்பம் எப்போது நம் மதத்துக்கு மாறியது?" என்று கேட்டாராம்.

"நீ இன்னா சொன்ன?"

"நாங்க மாறல, அங்கயேதான் இருக்கோம்னேன். அவங்களுக்குப் புரியல. ஏழு மணிக்கு இலை போட்டாங்க. வெளிய நல்ல வெயிலு. எல்லாரும் சாப்பிட்டாங்க. நான் சாப்பிடல. ஏன்னு கேட்டாங்க. எங்க ஊர்ல எறங்கிடுச்சுன்னேன். சிரிச்சாங்க. புதுசா சேர்ந்தவங்களுக்குத்தான் இந்த வேகம் இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் ஈரத்துணியால் அவள் மணிக்கட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாராம், நிறம் போகிறதா என்று. அவருக்கு மறதி நோய், பாவம் என்றாள். விழுப்புரத்தில் மறதி நோய் இல்லாமலே, ஊசியோடு நிற்கிற என்னிடம் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டியவர்கள் இருக்கிறார்கள் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். சிரிப்பில் ரத்தம் ஏறாது.

"இரும்பு மாத்திரை குடுத்திருப்பாங்க, ஒழுங்கா போடு. அதவிட முக்கியம், சாயங்காலம் ஒரு வேள சாப்பிடு. உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடு."

"வேணாம் சிஸ்டர். தெரிஞ்சா அவரு எறங்கிடுச்சின்னு சொல்றத நிறுத்திடுவாரு."

"நிறுத்தினா இன்னா?"

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"சிஸ்டர், அவரு அத சொல்றப்போ நான் மாடியில நிக்கிறேன்" என்றாள்.

எனக்குப் புரிந்தது. புரிந்தது என்பதற்காக எட்டு புள்ளி நான்கு பன்னிரண்டு ஆகிவிடாது. மூன்று நாள் டைம் தருகிறேன், நீ சொல்லவில்லையென்றால் நான் சொல்வேன் என்று வைத்துவிட்டேன்.

மூன்று நாளும் அதே ஏழு நிமிடம். "எங்க இருக்குது?" "ரெட்டைப் பனைக்கு வந்துடுச்சி." "எறங்கிடுச்சி." டப்பா மூடியது. ஒவ்வொரு நாளும் மூடும்போது திரையில் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலைப் பயிற்சி முடிந்ததும் சொன்னேன். சுற்றி வளைப்பது எனக்கு வராது.

"நயினாரே, உங்க பொண்ணுக்கு ரத்தம் எட்டு புள்ளி நாலு. பன்னெண்டு இருக்கணும். போன வாரம் வேலையில மயங்கி விழுந்திருக்குது."

தர்மதேவி அரிவாள்மனையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். "ஐயையோ, அந்த ஊர்ல சோறு கெடைக்கலியா கொழந்தைக்கு?"

"சோறு கெடைக்குது. இவரு எறங்கிடுச்சின்னு சொன்னதும் டப்பாவ மூடிடுது. அதுக்கப்புறம் மறுநாள் காலைலதான் தொறக்குது. அங்க ஒம்பது மணி வரைக்கும் வெயிலு இருந்தும் சாப்பிடறதே இல்ல."

சந்திரப்பிரபு விரல்விட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எண்ணி முடித்ததும் ஜன்னலைப் பார்த்தார். அந்த நேரத்தில் பனைமரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை.

"தெனம் நான்தான் சொன்னேன்" என்றார். "தெனம் நான்தான் சொன்னேன் சிஸ்டர்."

மத்தியானம் முழுக்க வாக்கரைத் தொடவில்லை. தர்மதேவி மட்டும் சமையற்கட்டிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார். "அத்தினி நாளு போன்ல பாத்துக்கினு இருந்தமே, ஒடம்பு எளச்சத ஒருத்தரும் பாக்கலியே, நல்லா பாத்தம்." சாயங்காலம் சந்திரப்பிரபுவுக்குக் கேப்பை அடையும் மோரும் வந்தது. பொழுது ரெட்டைப் பனைக்கு மேலே இருக்கும்போதே சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டார். தட்டை எடுத்துப்போகச் சொன்னார். போனைச் சொம்பில் சாய்க்கச் சொன்னார்.

மணி அடித்தது. அவள் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எங்க இருக்குது?"

"நீ சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். "இப்ப?"

"நீ சாப்பிடு."

பொழுது பனையின் கழுத்துக்கு வந்தது. பாதி போயிற்று. முழுதும் போயிற்று. தர்மதேவி குண்டானைக் கவிழ்த்துவிட்டு, என்னையும் தம்பியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விளக்கேற்றினார்.

"அப்பா, எறங்கிடுச்சா?"

பொய் சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இறங்கவில்லை என்று சொல்ல அவரால் முடியாது.

"அப்பா, அத்தை வெளக்கு ஏத்திட்டாங்க, பின்னாடி தெரியுது. எறங்கிடுச்சா இல்லியா, சொல்லுங்க."

"அத நான் இன்னிக்கி சொல்லப்போறதில்ல."

அவள் டப்பாவை மூடிவிட்டாள். பிறகு, "சிஸ்டர் சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"சொல்லிட்டேன். டைம் குடுத்தேனில்ல" என்றேன், மடித்துக்கொண்டிருந்த போர்வைக்குப் பின்னாலிருந்து.

"அப்பா, இது உங்களுக்குப் புரியாது. காலைல எழுந்தா தூங்கற வரைக்கும் இங்க நான் யாருக்காவது யாராவதா இருக்கேன். தமிழ்க்காரங்களுக்கு சேட்டு. சேட்டுங்களுக்கு சமையக்காரி. மத்தவங்களுக்கு நோன்பு இருக்கிற பொண்ணு. எல்லாருக்கும் ஆமான்னு சொல்லிக்கினு போறேன். இந்த ஏழு நிமிஷத்துல மட்டும் யாரும் எதுவும் கேக்கறதில்ல. பொழுது எங்கன்னு நான் கேக்கறேன், நீங்க சொல்றீங்க. இத எடுத்துட்டீங்கன்னா எனக்கு இங்க இன்னா இருக்குது?"

எனக்கு ஒரு பதில் தோன்றியது. சொல்லவில்லை, அது என் வீடு இல்லை. சந்திரப்பிரபு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "உன் ஊர்ல அது எங்க இருக்குது, காட்டு."

"எது?"

"பொழுது."

அவள் போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறக் கல் கட்டடங்கள். கூரைமேல் பெரிய வெள்ளைப் பறவைகள் வரிசையாக. வெயில் நன்றாக, உச்சியிலிருந்து கொஞ்சம் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் எங்கள் அறை இருட்டிவிட்டது.

"எங்க போயி எறங்கும்?"

"அந்த சர்ச்சு கோபுரத்துக்கு அந்தப் பக்கம்னு நெனைக்கிறேன். நான் பாத்ததில்லப்பா."

"எட்டு மாசமா இருக்கற, பாத்ததில்லியா?"

"இல்ல."

"யாரு சொல்லுவாங்க உனக்கு அங்க?"

"யாரும் இல்ல."

"ஆறு வயசுல நீ ஊருக்கே சொன்ன" என்றார். பிறகு, "டப்பாவத் தொற" என்றார்.

தர்மதேவி விளக்குப் பக்கத்தில் நின்றபடி மெதுவாக, "வெளக்கு வெச்சப்புறமாடா, சந்திரா?" என்றார்.

"அங்க வெளக்கு வெக்கலக்கா."

திரை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. சிக்னலா, அவளா என்று தெரியவில்லை. பிறகு மூடி திறந்த சத்தம் கேட்டது. அவள் சாப்பிட்டாள். முதல் முறையாக மெதுவாக. அழுதாளா என்று சொல்ல முடியாது, படம் விட்டுவிட்டு வந்தது. சந்திரப்பிரபு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த பிறகு ஒருவர் சாப்பிடுவதை அவர் தன் வீட்டில் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கண்ணை எடுக்கவில்லை.

தர்மதேவியால் சும்மா இருக்க முடியவில்லை. திரைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா சாதம் அது?"

"புளிசாதம் அத்தை."

"மல்லாட்டை போட்டியா?"

"போட்டேன். இந்த ஊரு மல்லாட்டை, உமிய மெல்ற மாதிரி கீது."

"பின்ன, நம்ம கொல்ல மல்லாட்டை வருமா" என்றார். அவருக்குத் திருப்தி.

அன்றைக்கு அவளுக்கு ஷிப்ட் இருந்தது. மறுநாளிலிருந்து இரண்டாவது டப்பா ஒன்று எடுத்துப்போனாள். ஷிப்ட் நடுவில் ஏழரை மணிக்கு, வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டதாகப் போட்டோ அனுப்புவாள். அது எங்களுக்குக் காலையில்தான் தெரியும். ஜூலையில் ரத்தம் பத்து புள்ளி ஒன்று. மாத்திரையும் சோறும் செய்த வேலை, வேறொன்றும் இல்லை.

சாயங்கால போன் நிற்கவில்லை, ஆனால் தளர்ந்தது. மிஷினை அணைத்துவிட்டு ஓடி வர வேண்டியதில்லை என்பதால் இரண்டே காலுக்கு வருவாள், இரண்டரைக்கு வருவாள். அவள் வரும்போது இங்கே எல்லாம் கவிழ்த்தாகியிருக்கும். அவள் சாப்பிடுவாள், அவர் வெறும் கையோடு உட்கார்ந்து பார்ப்பார். எங்கே இருக்கிறது என்று அவள் கேட்பதில்லை. வாக்கரில் வாசல்வரை நடந்துவிட்டேன் என்று சொன்னார். நான் ஜூலை கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் வந்துவிட்டேன்.

டிசம்பரில் திண்டிவனத்தில் வேறொரு நோயாளியைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்கும் ஒரு நடை போனேன். சந்திரப்பிரபுவுக்கு இடுப்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. கைத்தடி மட்டும். பத்மப்ரியா படிப்பை முடித்து அதே ஊரில் மண் பரிசோதனை வேலையில் இருக்கிறாள் என்றார். இரண்டு வருடம் கழித்துத்தான் வருவாள் போலிருக்கிறது.

"ரத்தம் எத்தினி?" என்று கேட்டேன்.

"பதினொண்ணரைன்னு சொன்னா."

அவளுடைய ஊரில் இப்போது மூன்றரைக்கே இருட்டிவிடுகிறதாம். மூன்று மணியானால் ஜன்னலோரம் போய் நின்று கோபுரத்தைப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறக்கிறாளாம். அவள் டப்பாவைத் திறந்தால் வெளிச்சம் போகப்போகிறது என்று அர்த்தம் என்று ஆபீசில் எல்லோருக்கும் பழகிவிட்டதாம். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய் கொஞ்சம் வெயில் பார்த்துவிட்டு வருகிறார்களாம். நீ யார், எந்த ஊர் என்று யாராவது கேட்டால், இப்போது ஆமாம் போடுவதில்லை, உட்காரவைத்து முழுதாகச் சொல்கிறாளாம், கேட்டவர்களுக்கு பேஜாராகிற வரைக்கும். சந்திரப்பிரபு இதைச் சொல்லும்போது சிரித்தார். அவள் மூடி வைக்கிற மூன்றரை, நமக்கு ஒன்பது மணி. அவர் எட்டு மணிக்கே தூங்கிவிடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

தர்மதேவி என்னையும் சாப்பிட உட்காரவைத்தார். மார்கழிக்குப் பொழுது பனைமரங்களை விட்டு இடது கோடிக்குப் போயிருந்தது. சந்திரப்பிரபு ஜன்னலோரம் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கடைசிக் கீற்று போனது.

"எறங்கிடுச்சி" என்றார்.

போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. அங்கே பன்னிரண்டே கால், அவளுக்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்குமேல் பொழுது இருந்தது. தர்மதேவி குண்டானைக் கவிழ்த்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.